கிஜுபாய் பதேக்கா

கிஜுபாய் பதேக்கா (நவம்பர் 15, 1885 – ஜூன் 23, 1939) குஜராத்தைச் சேர்ந்த கல்வியாளரும் சிறுவர் இலக்கிய எழுத்தாளரும் ஆவார். இவரது இயற்பெயர் கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேக்கா. வழக்கறிஞராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், 1916இல் அத்தொழிலைக் கைவிட்டு, பாவ்நகரிலுள்ள தட்சிணாமூர்த்தி கல்வி நிறுவனத்தில் இணைந்தார். 1920இல் அங்கு பாலமந்திர் என்னும் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். மரியா மாண்டிசோரியின் கல்விமுறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றி நடத்திக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார். குழந்தைகளிடம் காட்டிய பரிவின் காரணமாக, மீசை வைத்த அம்மா என்று பொருள்படும் மூச்சாளி மா என்ற பெயரால் குஜராத்தி மக்கள் இவரை அழைத்தனர்.

பள்ளி வகுப்பறைக்குள் கதையையும் கதைப் புத்தகத்தையும் கொண்டுவந்தவர் என்பதே இவரைப் பற்றிப் பரவலாக அறியப்பட்ட செய்தி. அச்செயலுக்குப் பின்னால் இருந்த சிக்கல் அவ்வளவாக அறியப்படவில்லை. சிறுவர் தாமாக எடுத்துப் படிப்பதற்கு ஒரு நூலகம் வேண்டும் என்று இவர் முடிவு செய்த காலத்தில், அந்நூலகத்தில் அடுக்குவதற்குப் போதிய குஜராத்தி நூல்கள் இல்லை. இவரது எழுத்துப்பணியின் பெரும்பகுதி இக்குறையை நீக்கும் முயற்சியாகவே அமைந்தது.

இளமைக் காலம்

கிஜுபாய் இன்றைய அம்ரேலி மாவட்டத்திலுள்ள சித்தல் என்னும் ஊரில் பிறந்தார். தொடக்கக் கல்வியைக் கிராமப் பள்ளியில் பெற்றார். அக்காலத்துக் கிராமப் பள்ளிகளில் பிரம்படியும் மனப்பாடமுமே பாடம் நடத்தும் வழிகளாக இருந்தன. இப்பள்ளி நாட்களின் கசப்பு, பின்னாளில் இவர் எழுதிய கட்டுரைகள் பலவற்றிலும் வெளிப்படுகிறது. மேற்படிப்பைப் பாவ்நகரில் தொடர்ந்தார்.

1907இல் பிழைப்புக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். கத்தியவார்ப் பகுதி இளைஞர்கள் பலர் அந்நாட்களில் இவ்வாறு கடல் கடந்து சென்றனர். அங்கு ஒரு வழக்கறிஞரிடம் பணிபுரிந்தபோது, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் பழக்கத்தைக் கற்றதாகப் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். 1909இல் தாயகம் திரும்பி, பம்பாயில் சட்டம் பயின்றார். அதன்பின் வத்வானில் வழக்கறிஞர் தொழிலை நடத்தினார். தொழில் நன்றாகவே நடந்தது.

வசோ பயணம்

1913இல் இவருக்கு நரேந்திரா என்ற மகன் பிறந்தார். தான் படித்தது போன்ற ஒரு பள்ளிக்குத் தன் மகனை அனுப்ப இவருக்கு மனமில்லை. வேறு வழி உண்டா என்று தேடத் தொடங்கினார். நண்பர் தர்பார் கோபால்தாஸ் தேசாயின் யோசனைப்படி வசோ என்னும் ஊருக்குச் சென்று மோதிபாய் அமீனைச் சந்தித்தார். மாண்டிசோரி முறை பற்றிய நூல்களை இவருக்கு அளித்தவர் மோதிபாயே. வசோவில் தர்பார் கோபால்தாஸ் நடத்திவந்த குழந்தைகள் பள்ளியையும் கிஜுபாய் பார்வையிட்டார்.

மோதிபாய் அமீன் யார் என்பதை இங்கு விளக்குவது பொருத்தமாகும். இவர் குஜராத் நூலக இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். பரோடா அரசு நூலகப் பணியில் இறங்குவதற்கு முன்பே, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கிராமங்களில் படிப்பகங்களைத் திறந்தவர். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் 1906இல் தம் நாடு முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியை நடைமுறைப்படுத்தினார். எழுத்தறிவு பெற்றவர்கள் படிக்க நூல் கிடைக்காவிடில் கற்றதை மறந்துவிடுவர் என்பதால், 1910இல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். ஊர்தோறும் நூலகங்களும், மரப்பெட்டிகளில் ஊர்விட்டு ஊர் செல்லும் நடமாடும் நூலகங்களும் அதைத் தொடர்ந்து ஏற்பட்டன. அவ்வியக்கத்தில் மோதிபாய் முன்னின்று உழைத்தார்.

 ஆகவே, மாண்டிசோரி முறை பற்றிய நூல்கள் கிஜுபாய்க்கு ஊர் ஊராக நூலகம் திறந்தவரிடமிருந்து கிடைத்தன. அவரது பிற்காலப் போக்கைக் கவனிக்கும்போது இது தற்செயலான செய்தியாகத் தோன்றவில்லை.

தட்சிணாமூர்த்தி நிறுவனம்

பாவ்நகரில் நிருசிம்மபிரசாத் காளிதாஸ் பட் என்ற நானாபாய் பட் 1910இல் தட்சிணாமூர்த்தி மாணவர் இல்லத்தை நிறுவியிருந்தார். 1916இல் கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலை விட்டு இந்நிறுவனத்தில் சேர்ந்தார். முதலில் மாணவர் இல்லத்திலும் உயர்நிலைப் பள்ளியான வினய மந்திரிலும் பணியாற்றினார். பதின்ம வயது மாணவர்களுடன் பழகியதில் ஒன்று அவருக்குப் புலப்பட்டது. பயமும் பாடப் புத்தக வெறுப்பும் அந்த வயதிற்குள் அவர்களிடம் ஆழமாக வேரூன்றிவிடுகின்றன. மாற்றம் வேண்டுமெனில் அதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்று கருதினார்.

இதன் விளைவாக 1920 ஆகஸ்டில் இரண்டரை வயது முதலான குழந்தைகளுக்கெனப் பாலமந்திர் தொடங்கப்பட்டது. 1922இல் தக்தேஷ்வர் குன்றருகே அமைந்த புதிய கட்டடத்தைக் கஸ்தூரிபா காந்தி திறந்துவைத்தார். ஏறத்தாழ இக்காலத்தில் தாராபாய் மோடக் இவருடன் பணியாற்ற வந்தார். இருவரும் இணைந்து ஆசிரியர்களுக்கு அத்யாபன் மந்திர் என்ற பயிற்சிப் பள்ளியை நடத்தினர். நூதன் பால சிட்சண சங்கம் என்ற அமைப்பும், சிட்சண பத்திரிகா என்ற இதழும் இவர்களது கூட்டு முயற்சியில் உருவானவை.

பாலமந்திர் மாண்டிசோரி கருவிகளைக் கொண்டு இயங்கியது. ஆனால் கிஜுபாய் மாண்டிசோரியை அப்படியே பின்பற்றவில்லை. நாட்டுப்புறப் பாடல், ஆடல், நாடகம், களிமண் வேலை, தோட்டம் ஆகியவற்றுக்குத் தம் பள்ளியில் பெரிய இடம் அளித்தார். மிக முக்கியமான வேறுபாடு கதையில் இருந்தது. உண்மைக்கும் கற்பனைக்கும் வேறுபாடு அறியாத சிறு வயதில் மாயக்கதைகள் சொல்வதை மாண்டிசோரி விரும்பவில்லை. கிஜுபாயோ பேசும் காக்கையும் ஏழு வால் எலியும் இல்லாமல் குழந்தைகள் பள்ளியை நடத்த முடியாது என்னும் நிலைப்பாட்டில் இருந்தார்.

நூல் இல்லாத நூலகம்

கதை சொல்வது எளிது, அதைத் தொடர்வதுதான் கடினம். ஒரு கதை கேட்ட குழந்தை அடுத்த கதையைக் கேட்கும். சில மாதங்களில், எழுத்தறிந்த குழந்தை தானே படிக்க ஏதேனும் கேட்கும். அப்போது கையில் கொடுப்பதற்கு என்ன இருந்தது? குஜராத்திப் பள்ளிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தியோடர் ஹோப்பின் வாசக நூல்வரிசை வழங்கியது. அதன் பின் வந்தவையும் அதே வகையைச் சேர்ந்தவையே. அவை பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்டவை. சிறுவர் விரும்பி எடுத்துப் படிக்கும் நூல்கள் மிகக் குறைவு.

கிஜுபாய் இரண்டு வழிகளில் இதை எதிர்கொண்டார். முதலாவது, வாய்மொழியாக வழங்கிய கதைகளைத் திரட்டிக் குழந்தைகளின் மொழியில் எழுதினார். பால வார்த்தா என்ற கதைத் தொகுதிகள் இவ்வாறு உருவாயின. இரண்டாவது, குழந்தையின் கைக்கு அடங்கும் அளவிலான சிறு வெளியீடுகளைத் தாராபாயுடன் சேர்ந்து வரிசையாகப் பதிப்பித்தார். கதை மட்டுமின்றி விலங்குகள், ஊர்ச் சுற்றுலா, அன்றாடப் பொருட்கள், விடுகதை, பாடல் முதலியவையும் இவ்வரிசையில் இடம்பெற்றன. சிறியதும் பெரியதுமாக இவரது நூல்கள் ஏறத்தாழ 200 எனக் கூறப்படுகிறது. இவ்வெண்ணிக்கை வியப்பளிக்கலாம். ஆனால் அவற்றில் பல சில பக்கங்களே கொண்டவை என்பதையும், அப்படி இருந்ததே அவற்றின் நோக்கத்திற்கு ஏற்றது என்பதையும் மறக்கக்கூடாது.

இவரது கதைகளின் அமைப்பைக் கவனித்தால் அவை ஏன் தொடக்க வகுப்புச் சிறுவருக்கு உகந்தவை என்பது விளங்கும். தலா தர்வாடி என்பது குஜராத்தில் அனைவரும் அறிந்த கதை. மனைவிக்குக் கத்தரிக்காய் வேண்டும் என்பதால் தலா என்பவர் பிறருடைய தோட்டத்திற்குச் செல்கிறார். ஆளில்லாத தோட்டத்திடமே அனுமதி கேட்கிறார். தோட்டத்தின் குரலில் தாமே விடையும் சொல்லிக்கொண்டு காய்களைப் பறிக்கிறார். இது நாள்தோறும் நடக்கிறது. ஒருநாள் தோட்டக்காரர் அவரைப் பிடித்து, கிணற்றிடம் அதே முறையில் அனுமதி கேட்டு, கிணற்றின் குரலில் தாமே விடை சொல்லி, அவரை நீரில் முக்கி எடுக்கிறார். மகிழ்ச்சியான காக்கை என்ற மற்றொரு கதையில், அரசன் எத்தகைய தண்டனை அளித்தாலும் காக்கை அதையே மகிழ்ச்சியாக மாற்றிப் பாடிக்கொண்டிருக்கிறது.

இரண்டிலும் ஒரே வாக்கிய அமைப்பு சிறு மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் வருகிறது. இரண்டாம் முறை கேட்கும்போதே குழந்தை அடுத்த வரியைத் தானே சொல்லிவிடும். இத்தகைய கதையை அச்சில் பார்க்கும் குழந்தைக்கு, வரப்போகும் சொல் முன்பே தெரியும், எழுத்தை அதனுடன் பொருத்திப் பார்த்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிப்பதன் களைப்பு இதனால் வெகுவாகக் குறைகிறது. நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் தொடர்கதைகளிலும் இதே உத்தி இருப்பதை வாசகர்கள் உணரலாம்.

கதை சொல்லும் கலை பற்றி இவர் எழுதிய வார்த்தானு சாஸ்திர (கதையின் சாத்திரம்) என்ற நூல் 1925இல் வெளிவந்தது. கதையின் நோக்கம், வயதிற்கேற்பக் கதைகளைத் தேர்ந்தெடுத்தல், அவற்றை வரிசைப்படுத்தல், சொல்லும் முறை, நீதிக்கதைகள் தேவையா என்னும் கேள்வி ஆகியவை அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. கதையின் முதல் பயன் மகிழ்ச்சி என்பதே இவரது முடிவு. மொழியறிவு, நினைவாற்றல், நல்லொழுக்கம் முதலியவை அதைத் தொடர்ந்து வரலாம். ஆனால் அவற்றுக்காகக் கதையைத் திரிக்கக்கூடாது என்றார். இன்றும் பள்ளி நூலகத்துக்கு நூல் வாங்குவோர் இந்நூலைப் படித்தால் பயன்பெறுவர். நூலின் முடிவில் நீதி இருக்கிறதா என்று பார்த்தே தேர்ந்தெடுக்கும் பழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை.

1929இல் குஜராத்தி இலக்கியத்தின் உயரிய விருதான ரஞ்சித்ராம் தங்கப் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது.

பகற்கனவு

1930களின் தொடக்கத்தில் வெளிவந்த திவாஸ்வப்ன (பகற்கனவு) கிஜுபாயின் நூல்களுள் மிகவும் புகழ்பெற்றது. லட்சுமிராம் என்ற ஆசிரியர் தன்மை ஒருமையில் கதையைச் சொல்வதால், இதைக் கிஜுபாயின் தன்வரலாறு எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். அது சரியன்று. நூல் ஒரு புனைகதை. பாலமந்திர் சிறு குழந்தைகளுக்கானது, தனியார் நிறுவனம், தேர்வுக் கெடுபிடி அற்றது. அங்கு பெற்ற அனுபவத்தை ஒரு சாதாரண அரசுப் பள்ளியின் நான்காம் வகுப்பில், அதே பாடத்திட்டத்துடனும் ஆண்டுத் தேர்வுடனும் நடத்தினால் என்ன நிகழும் என்று கற்பனை செய்து பார்ப்பதே நூலின் பொருளாகும். தலைப்பும் அதையே சுட்டுகிறது.

லட்சுமிராம் கல்வி அதிகாரியிடம் அனுமதி பெற்று நான்காம் வகுப்பை ஏற்கிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு ஒன்றை நடத்த முயன்று படுதோல்வி அடைகிறார். மாணவர்கள் கூச்சலிடுகின்றனர், அவர் வகுப்பைக் கலைத்து அனுப்பிவிடுகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அடங்குகிறது. கதையின் நடுவே வருகைப் பதிவு, மீண்டும் கதை என்று நாட்கள் நகர்கின்றன. கதை சொல்லிக்கொண்டே இருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது என்று சக ஆசிரியர்கள் ஏளனம் செய்கின்றனர்.

இதை அடுத்து வரும் வகுப்பு நூலகப் பகுதி தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. நான்காம் வகுப்புக்கான பாடப் புத்தகங்களை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டாம், அப்பணத்தைத் தம்மிடம் தருமாறு லட்சுமிராம் மாணவர்களிடம் கேட்கிறார். எல்லோரும் ஒரே நூலை வாங்கினால் வகுப்பில் இருப்பது ஒரே நூல்தான். பணத்தை ஒன்றுசேர்த்து வெவ்வேறு நூல்களாக வாங்கினால், ஒவ்வொரு மாணவனுக்கும் படிக்கக் கிடைப்பவை பல மடங்காகும். புதிய நிதியோ அரசாணையோ இன்றி ஒரு நூலகம் உருவாகிவிடுகிறது. கணக்கு மிக எளியது. ஆயினும் பெற்றோர்கள் இதை ஏற்கத் தயங்குகின்றனர். பாடப் புத்தகம் இல்லாத பிள்ளை எப்படித் தேறுவான் என்பது அவர்களது கவலை. அக்கவலையை நூல் கேலி செய்யவில்லை. அது நியாயமானது என்பதை ஆசிரியர் உணர்ந்தே எழுதியுள்ளார்.

நூலகம் ஏற்பட்டபின் கற்பித்தலும் மாறுகிறது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று ஒரே பாடத்தை வாசிக்கும் வழக்கம் நிற்கிறது. ஆசிரியர் முதலில் தாமே ஏற்ற இறக்கத்துடன் வாசித்துக் காட்டுகிறார். மாணவர்கள் தமக்குப் பிடித்த நூலை எடுத்து மனத்துக்குள் படிக்கின்றனர். வரலாறு கதையாகச் சொல்லப்படுகிறது, இலக்கணம் விளையாட்டாக மாறுகிறது, படித்த கதைகளை மாணவர்கள் நாடகமாக நடிக்கின்றனர். நகம் வெட்டுதல், தலைவாருதல் போன்றவையும் வகுப்பு வேலைகளாகின்றன. ஆண்டின் இறுதியில் கல்வி அதிகாரி முன்னிலையில் மாணவர்களின் தேர்ச்சி வெளிப்படுகிறது.

கற்பனை என்பதால் இறுதி வெற்றியை முழுச் சான்றாகக் கொள்ள இயலாது. கல்வி அதிகாரி இவ்வளவு பரிவுடையவராக அமைவது எத்தனை பள்ளிகளில் நிகழும் என்ற ஐயம் எழுவது இயல்பே. எனினும் நூலில் வரும் தோல்விகளும் தலைமை ஆசிரியரின் எரிச்சலும் பெற்றோரின் அச்சமும் வகுப்பறையை நன்கு அறிந்தவர் எழுதியவை என்பதில் ஐயமில்லை.

பிற்காலம்

1930இல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது கிஜுபாய் சூரத் பகுதிக்குச் சென்று விடுதலை இயக்கப் பணிகளில் ஈடுபட்டார். தாராபாய் மோடக் 1930களின் தொடக்கத்தில் பாவ்நகரை விட்டுச் சென்றார். 1936இல் கிஜுபாயும் தட்சிணாமூர்த்தி நிறுவனத்திலிருந்து விலகினார். இருபதாண்டு உழைப்பின் பின் விலகியது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. பின்னர் ராஜ்கோட்டில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அது வேரூன்றும் முன்பே உடல்நலம் குன்றி, 1939 ஜூன் 23 அன்று பம்பாயில் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

மரியா மாண்டிசோரி அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவுக்கு வந்து, சென்னை அடையாறில் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். அவரது முறையை இருபதாண்டுகளாகக் குஜராத்தியில் பரப்பியவர் மறைந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன.

மதிப்பீடு

பாலமந்திரில் பயின்ற குழந்தைகள் பெரும்பாலும் பாவ்நகரின் நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது இவரது பணி மீது வைக்கப்படும் முக்கியமான விமரிசனமாகும். ஏழைகளின் குழந்தைகளுக்கு இக்கல்வி எவ்வாறு சென்றடையும் என்ற கேள்விக்குக் கிஜுபாயின் வாழ்நாளில் விடை கிடைக்கவில்லை. விடை தேடியவர் தாராபாய் மோடக். இவர் 1945இல் மகாராட்டிரத்தின் போர்டியிலும், 1957 முதல் கோஸ்பாட்டிலும் அனுதாய் வாக்குடன் இணைந்து பழங்குடிக் குழந்தைகளுக்காகப் பணியாற்றினார். குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியைக் குழந்தைகளின் முற்றத்திற்கே கொண்டுசென்றார். அங்கன்வாடி என்ற கருத்து இம்முயற்சியிலிருந்து வளர்ந்தது.

பாவ்நகர் பாலமந்திரில் இவரது மகன் நரேந்திராவும் மருமகள் விமுபென்னும் பணியைத் தொடர்ந்தனர்.

வகுப்பறையில் கதைப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது நீண்ட காலம் ஆசிரியரின் தனி ஆர்வத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 2009இல் இயற்றப்பட்ட இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்றும், அதில் நாளிதழ், பருவ இதழ், அனைத்துப் பாட நூல்களுடன் கதை நூல்களும் இடம்பெற வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டத்தில் கதை நூல் என்ற சொல் தனியே குறிப்பிடப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. பூட்டிய அலமாரியில் இருக்கும் நூல்களும் இவ்விதியை நிறைவு செய்துவிடும் என்பது வேறு.

திவாஸ்வப்ன ஆங்கிலம், இந்தி உள்ளிட்ட பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. தமிழில் பகல் கனவு என்ற தலைப்பில் தேசிய புத்தக நிறுவனம் வெளியிட்டது. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடையே இவரது நூல்களுள் அதிகம் படிக்கப்படுவது இதுவேயாகும். இவரது கதைத் தொகுதிகள் குஜராத்தில் இன்றும் மறுபதிப்பாகி வருகின்றன.